திட்டாத சம்பந்தி

"திட்டுங்க சம்பந்தியம்மா! வாய்விட்டுத் திட்டுங்க. 'பரவாயில்லை'ன்னு மட்டும் இனிமே சொல்லாதீங்க!"

சமையலம்மா கத்தி உறையைப் பட்டறை மேசைமேல் வைத்தாள். தைத்த ஓரத்தில் நூல் அறுந்து, உள்ளேயிருந்த கத்தியின் முனை வெளியே எட்டிப் பார்த்தது.

தோல் பட்டறைக்காரி அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஐயையோ, யாருக்காவது பட்டுச்சா?"

"கடவுள் புண்ணியம், படலை. விடுதியில காய் நறுக்குற பொண்ணு இதைப் பையில போட்டுக்கிட்டுப் போயிருக்கா. பை கிழிஞ்சதோட போச்சு. இடுப்புல செருகியிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

சமையலம்மா அந்த விடுதிச் சமையல்கட்டில் பாதி ஆயுசைக் கழித்தவள். கத்திப் பெட்டிக்குள் அவசரமாகக் கைவிட்டு விரலை அறுத்துக்கொண்ட பெண்களுக்குத் துணி சுற்றிச் சுற்றியே அலுத்துப் போனவள். வேலையை விட்டு வரும்போது, ஒவ்வொரு கத்திக்கும் தானே ஓர் உறை தைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டாள். கற்றுக்கொள்ள வேறெங்கே போவாள்? சம்பந்தியம்மாவே பட்டறை வைத்திருக்கும்போது! மகனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால், 'அங்கே எதுக்கும்மா போறே?' என்று ஆரம்பித்துவிடுவான்.

வாரா வாரம் வந்தாள். வேலைதான் தேறவில்லை. தையல் கோணல்மாணலாக ஓடினால், "முதல்ல அப்படித்தான் வரும்" என்பாள் பட்டறைக்காரி. தோல் சுருங்கினால், "அதுவும் ஒரு அழகாத்தான் இருக்கு சம்பந்தியம்மா" என்பாள். கூடவே சூடாகத் தேநீர் வரும்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த வார் வெட்டும் பெண் மூலையிலிருந்து சிரித்தாள்.

"எங்க தையல் ஒரு நூல் விலகினா போதும், அக்கா எங்களை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க. உங்களுக்கு மட்டும் பூவால அடி!"

"வாயை மூடிக்கிட்டு வாரை வெட்டுடி," என்றாள் பட்டறைக்காரி.

"பாத்தீங்களா! அவளை அதட்டத் தெரியுது. எனக்கு மட்டும் ஏன் அந்தக் கொடுப்பினை இல்லை?"

பட்டறைக்காரியின் குரல் இறங்கியது. "நீங்க பையனைப் பெத்தவங்க. நான் ஒரு வார்த்தை தடிப்பாப் பேசி, அது உங்க மனசுல ஏறிட்டா? இந்தப் பக்கமே வராம இருந்துட்டீங்கன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"என் மனசை நான் பாத்துக்கறேன். நீங்க அந்தப் பிள்ளைங்க விரலைப் பாருங்க. இன்னைக்கு உருப்படியா ஒண்ணு கொண்டுவரலைன்னா, கத்தியெல்லாம் பழையபடி பெட்டிக்குள்ள போயிடும்னு தலைமைச் சமையல்காரர் கண்டிப்பாச் சொல்லிட்டார்."

பட்டறைக்காரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"சரி. இது உறையா, தலையணையா? சும்மா ஓரத்தை மூடித் தைச்சு வெச்சிருக்கீங்க! கத்தியோட கூர் நேரா நூல்மேல உக்காந்தா, அறுக்காமக் கொஞ்சுமா? ரெண்டு தோலுக்கும் நடுவுல, ஓரமா ஒரு பட்டை வெச்சுத் தைக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"'வெச்சாலும் நல்லதுதான்'னு சொன்னீங்க."

பட்டறைக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அது என் தப்பு. வெச்சே ஆகணும்! கூர் அந்தப் பட்டையிலதான் உக்காரணும். பட்டை இல்லைன்னா அது உறையே இல்லை!"

"அப்பாடா," என்றாள் சமையலம்மா. குத்தூசியைக் கையில் எடுத்தாள்.

அதன்பிறகு பட்டறையில் ஒரே முழக்கம்.

"நூலை இழுங்க! ஊசிக்கு வலிக்கும்னு பாக்கறீங்களா?"

"அளவைக் கண்ணை மூடிக்கிட்டா எடுத்தீங்க?"

"இப்படியா சோறு வடிச்சீங்க இத்தனை வருஷமும்? விடுதிப் பிள்ளைங்க பாவம்!"

திட்டு விழ விழச் சமையலம்மாவுக்குக் கை நிதானப்பட்டது. ஒவ்வொரு தையலுக்கும், 'சாமி, இது யார் கையையும் காயப்படுத்தக் கூடாது' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டாள். முதல் உறையைப் பட்டறைக்காரியே பிரித்துப் போட்டாள். அடுத்ததைச் சமையலம்மா தானாகவே, யாரும் வாய் திறப்பதற்கு முன்னால் பிரித்தாள். பட்டறைக்காரி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் மூன்றாவது உறை முடிந்தது. பட்டறைக்காரி கத்தியை அதில் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறினாள். கத்தி அசையவில்லை. உருவினாள், செருகினாள், மறுபடி உருவினாள். ஓரத்தை விரலால் நெருடிப் பார்த்தாள். ஒரு நூலும் பிசிறவில்லை.

"இது உறை," என்றாள்.

"திட்டு ஏதாவது பாக்கி இருக்கா?"

"இருந்துச்சு. நீங்க முடிச்சுப் போட்ட அழகுல மறந்துபோச்சு."

இருவரும் சிரித்தார்கள். பட்டறைக்காரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வார் வெட்டும் பெண் கைவேலையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சம்பந்திங்கன்னா இப்படியில்ல இருக்கணும்! உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் கொடுத்து வெச்சவங்கக்கா. இந்தப் பக்கம் நான் பாத்ததே இல்லையே, எங்க இருக்காங்க?"

பட்டறைக்காரி நூலைச் சுற்றத் தொடங்கினாள்.

சமையலம்மாதான் அடுத்த தோலை மேசையில் விரித்துக்கொண்டே பதில் சொன்னாள்: "ஆளுக்கொரு ஊர்ல நல்லா இருக்காங்கம்மா. கோர்ட்டுல தீர்ப்பாகி அவங்க பிரிஞ்சு மூணு வருஷமாச்சு. எங்க ரெண்டு பேரையும் பிரிக்கச் சொல்லித்தான் யாரும் மனுப் போடலை!"