கடைசி பாரா

"எங்கப்பா செத்ததைத் தூக்கிக் கடைசில போட்டிருக்கியே, நீ யாருக்குடி வேலை பாக்குறே?"

நான் போட்ட சத்தத்துல பக்கத்து வகுப்புலேருந்து ரெண்டு தலை எட்டிப் பாத்துச்சு. பாக்கட்டும்.

விஷயம் இதுதான். சிங்கப்பூர் தேக்காவுல இருக்குற தமிழர் சங்கத்துல நாளைக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு, துறைமுகத் தொழிலாளி வாழ்க்கை. எழுதுனவங்களே மேடையேறிப் படிக்கணும். என் கட்டுரையைப் பாத்த வாத்தியார், "விஷயம் இருக்கு, வரிசை இல்ல"ன்னுட்டாரு.

என்கூடப் படிக்கிற ஜைனப்தான் வழி சொன்னா. "ஒவ்வொரு பாராவும் என்ன சொல்லுதுன்னு ஒரே வரியில எழுது, தங்கம்."

எழுதுனேன். அதை வரி வரியா வெட்டி பெஞ்சு மேல பரப்புனா.

"பாரு லா, கூலி மூணு இடத்துல வருது. ஒரே ரூம்ல பத்துப் பேர் படுக்குறது ரெண்டு தடவை. சேத்து வையேன்."

சேத்தேன். அவ சொன்னது சரியா இருந்துச்சு. அதுவே எனக்குக் கடுப்பு.

அப்புறம்தான் மேல இருந்த துண்டை எடுத்தா. 'கயிறு அறுந்து மூட்டை விழுந்து அப்பா இறந்தது.' எல்லாத்துக்கும் அடியில வச்சுட்டா.

"முக்கியமானது முதல்ல வரணும்னு காலையில சொன்னது யாரு? உன் பேயா?"

"நான்தான்."

"அப்ப எங்கப்பா முக்கியமில்லையா?"

"அப்படிச் சொன்னேனா?"

"எனக்குத் தெரியும்டி. வெள்ளைக்காரன் கப்பலுக்குக் கூலியாள் அனுப்புறது உங்க முத்தலிப் மாமா. இத்துப்போன கயிறை மாத்தாம எங்கப்பாவை அனுப்புனதும் அவருதான். நாளைக்கு முன்வரிசையில மாலையோட உக்காந்திருப்பாரு. கடைசி பாரா வர்றதுக்குள்ள பாதிப் பேரு காப்பி குடிக்கப் போயிருவான். அதானே உன் திட்டம்?"

ஜைனப்புக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. "எங்க மாமா கேக்கணும்னுதான் நானும் சொல்றேன்."

"கேக்கணும்னா முதல்ல இருக்கட்டும்!" துண்டைப் பிடுங்கி மேல வச்சேன்.

"சரி. எந்திரி. மேடையில நிக்கிற மாதிரி நின்னு படி."

"படிக்கிறேன், எனக்கென்ன பயமா?"

எந்திரிச்சு நின்னேன். "கயிறு அறுந்தது. கீழே நின்ற என் தந்தை..."

அதுக்கு மேல வரல. தொண்டையைச் செருமிட்டு மறுபடியும் ஆரம்பிச்சேன். மறுபடியும் அதே இடம். பக்கத்து வகுப்புத் தலைங்க ரெண்டும் மெதுவா உள்ள போயிருச்சு.

ஜைனப் அந்தத் துண்டை எடுத்து, திரும்பவும் கடைசில வச்சா.

"ஆரம்பத்துலயே நீ இப்படி நின்னுட்டா மிச்சத்தை யாருடி படிக்கிறது? கூலி, ரூமு, கயிறு மாத்தாதது, எல்லாத்தையும் சொல்லி முடி. அப்புறம் அழு. எங்க மாமா அதையும் உக்காந்து பாக்கட்டும்."