ஜன்னலோர வேலை

“தினமும் பிளேன்ல பறக்கிறியே மதினி, அப்படி எங்கதான் போற?” என்று நாத்தனார் ஒருநாள் கேட்டாள்.

“எங்கயும் போகலடி. உக்காந்திருக்கேன்” என்று சிரித்தாள் தங்கபுஷ்பம்.

பெருந்தொற்றுக்குப் பிறகு, விமானம் காலியாகப் பறந்தால் விமான நிலையத்தில் அதற்கு ஒதுக்கிய நேரம் போட்டி நிறுவனத்துக்குப் போய்விடும் என்று விதி வந்தது. அதனால் காலி இருக்கைகளில் உட்காரத் தூத்துக்குடியில் ஆள் வைத்திருந்தார்கள். முறுக்கைக் கொறித்தபடி மேகம் பார்க்கும் அந்த வேலை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது.

அன்று எல்லா இருக்கையும் நிறைந்த பிறகு, கைக்குழந்தையோடு ஒருத்தி மூச்சிரைக்க ஏறினாள்.

“டிக்கெட் வாங்கியிருக்கேன். இவ அப்பா சென்னையில இருக்காரு, இன்னும் பிள்ளையப் பாக்கல.”

“காசு குடுத்தா வாங்கினே?” என்று பின்இருக்கைக்காரர் வாயைப் பிளந்தார்.

ஒருவர் இறங்கினால்தான் இடம். ஆனால் இருக்கையை விட்டு இறங்குகிறவருக்கு நாளை முதல் வேலை கிடையாது என்பது நிறுவனத்தின் கட்டளை.

தங்கபுஷ்பம் எழுந்து, குழந்தையோடு தாயைத் தன் ஜன்னல் இருக்கையில் உட்காரவைத்து, முறுக்குப் பொட்டலத்தை அவள் கையில் கொடுத்தாள். பிறகு மலர்ந்த முகத்தோடு படியிறங்கினாள்.