ஆறு பிளக்குகள்

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், தன் பண்ணையின் கொட்டகையில், மனைவியின் பழைய காரைத் திறந்துபோட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தான் ராஸ். டீயோடு வந்த லியானுக்கு ஆச்சரியம். அவள் காரை அவன் தொட்டு வருஷக்கணக்காகிறது.

"இன்ஜின் திக்குதுன்னு புலம்பிட்டே இருந்தியே. ஸ்பார்க் பிளக்கைக் கழட்டலாம்னா ஒண்ணுகூட அசைய மாட்டேங்குது."

"முரட்டுத்தனமா திருகாதே, உள்ளேயே முறிஞ்சிடும். அப்புறம் வண்டி எங்கேயும் போகாது."

"மெக்கானிக்கோட பொண்ணாச்சே, நீயே கழட்டு பாப்போம்."

லியான் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரிப்பது அபூர்வம். ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் எண்ணெய் விட்டு, டீ குடித்து முடிக்கும்வரை ஊறவிட்டாள். பிறகு ஸ்பேனரால் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி, நோகாமல் பல் பிடுங்குவதுபோல ஆறையும் எடுத்தாள். ராஸ் ஒவ்வொன்றாக வாங்கித் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கெட்டிக்காரிதான்."

"புதுசை எடு. இப்பவே மாட்டிடறேன்."

"புதுசு வாங்கலையே."

அவன் பானட்டை மெதுவாக மூடினான்.

"டிக்கியில, போர்வைக்கு அடியில உன் பெட்டியைப் பாத்தேன், லியான். அம்மா வீட்டுக்குக் கிளம்பறவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

லியான் வெளியே பார்த்தாள். பக்கத்துப் பண்ணை தொண்ணூறு கிலோமீட்டர். வீட்டிலிருந்த இன்னொரு வண்டியின் சாவி எப்போதும் அவன் இடுப்பில்தான் தொங்கும்.

"கையெல்லாம் எண்ணெய். கழுவிட்டு உள்ளே வா," என்றான் ராஸ்.