ரெண்டாவது இடம்

"பயமா இருந்தா ஸ்கூட்டர் வாங்கிக்க வேண்டியதுதானே மேடம்? எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?"

பெட்ரோல் பங்க் ஓரத்தில் வண்டிகள் நின்றதும் நிற்காததுமாக, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டே விட்டான் அவன். அந்த பைக் குழுவுக்கு அவன் புதுசு. கியர் வண்டி லைசென்ஸ் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

கேட்டது பல் டாக்டரம்மாவை. ஐம்பதைத் தாண்டியவர். இந்தக் குழுவை வழிநடத்துகிறவர்.

பின்னே, அவனும் எவ்வளவு நேரம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வருவான்? கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. அதை ஒழுங்காக முறுக்கிப் பார்க்க விட்டாரா இந்தம்மா?

"புதுசா வர்றவங்க எனக்கு அடுத்து, ரெண்டாவதா வரணும். என்னை முந்தக் கூடாது. இங்க அதான் வழக்கம் தம்பி" என்று கிளம்பும்போதே சொல்லிவிட்டார்.

ரெண்டாவது இடம் என்றதும் ஏதோ மரியாதை என்று பூரித்துப் போனான். மலைப்பாதை ஆரம்பித்ததும் லட்சணம் தெரிந்துவிட்டது. வளைவுக்கு வளைவு டாக்டரம்மா வேகத்தைக் குறைத்தார். நேர் ரோட்டிலும் உருட்டினார். ஒரு காய்கறி வேன்காரன் இவர்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போனான். போகிறவன் சும்மா போகாமல் கையை வேறு ஆட்டினான். மானமே போயிற்று.

டாக்டரம்மா கோபப்படவில்லை. "இப்ப என்ன செய்யலாம் தம்பி?"

"உங்க பின்னால உருட்டிக்கிட்டு வர என்னால முடியாது. என்னைக் கடைசியா விடுங்க. இடைவெளி விட்டாவது கொஞ்சம் ஓட்டிப் பார்க்கிறேன்."

"சரி. ஆனா பேக்கரிக்காரர் உங்களுக்கும் பின்னாலதான் வருவார். யாரும் தனியா விடுபடக் கூடாது."

பேக்கரிக்காரர் தலையாட்டினார். அந்த மனுஷனுக்கும் ரோஷம் கிடையாது போல. காலையிலிருந்து கடைசியில் வந்துகொண்டு, வாயே திறக்கவில்லை.

கிளம்பினார்கள்.

முதல் வளைவில் டாக்டரம்மா வண்டியின் சிவப்பு விளக்கு தெரிந்தது. அடுத்த வளைவில் கூட்டத்தின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. முறுக்கினான். வண்டி சீறியது. அடுத்த வளைவு நினைத்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டது. வண்டியைச் சாய்க்கப் பார்த்தான், அது அவன் பேச்சைக் கேட்காமல் ரோட்டின் மறுபாதிக்குப் போனது. எதிரே லாரி.

எப்படித் தப்பித்தான் என்று கேட்டால் அவனுக்கே சொல்லத் தெரியாது. லாரி ஹாரன் மட்டும் காதுக்குள் நின்றது. கண்ணாடியில் பார்த்தான். பேக்கரிக்காரர் அதே தூரத்தில், அதே நிதானத்தில் வந்துகொண்டிருந்தார்.

அதற்குமேல் அவன் முறுக்கவில்லை. அவர்கள் நின்றிருந்த இடத்துக்கு வந்து சேர வெகு நேரம் ஆயிற்று. எல்லோரும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பாலத்துச் சுவரில் நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

என்ன கேட்கப்போகிறார்களோ என்று தயங்கித் தயங்கி வண்டியை ஓரம் கட்டினான்.

"எனக்கு வயசாச்சில்ல தம்பி, முதுகு பிடிச்சுக்கிச்சு" என்றார் டாக்டரம்மா. "அதான் நிறுத்திட்டேன். உங்களையும் காக்க வெச்சுட்டேனோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு பேக்கரிக்காரர் பக்கம் ஒதுங்கினான்.

"அண்ணே, இவ்வளவு வேகமா ஓட்டுறவங்க காலையில ஏன் அப்படி உருட்டினாங்க?"

பேக்கரிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்க கண்ணாடியில உன்னைப் பார்த்துப் பார்த்துத்தானே ஓட்டினாங்க. நீ தடுமாறினா குறைப்பாங்க, சுதாரிச்சா கூட்டுவாங்க. காலையிலேர்ந்து எங்க எல்லாரோட வேகத்தையும் முடிவு பண்ணினது அவங்க இல்லப்பா, நீதான்."