பாகு டேங்க்கில் எறும்புகள்

"இன்னும் நூறு பேரைக் கூட்டிட்டு வா," என்று எறும்பிடம் கெஞ்சியது, ஆலையின் வெல்லப்பாகு டேங்க்கில் தளர்ந்துபோயிருந்த ரிவிட் ஆணி. "நீங்க மொய்ச்சாத்தான் டேங்க் ஒழுகுதுன்னு ஆலைக்காரங்களுக்குத் தெரியும். உடைஞ்சா கீழ்த்தெரு மொத்தமும் போயிடும்."

எறும்புகள் கறுப்புப் பட்டையாக ஏறின. சூப்பர்வைசர் வந்து பார்த்தார், முகம் சுளித்தார். டேங்க்கைச் சுற்றி எறும்பு சாக்பீஸால் கோடு போடச் சொன்னார்.

"பார்த்துட்டாரே அண்ணே!" என்றது கோட்டுக்கு வெளியே ஒதுங்கிய எறும்பு.

"உங்களைத்தான் பார்த்தார்," என்றது ரிவிட்.

மூன்றாம் நாள் பகலில் ரிவிட் தெறித்து, டேங்க் பிளந்தது. பாகு ஆளுயரத்துக்குக் கீழ்த்தெருவில் புகுந்தது. பத்தொன்பது பேரை வெளியே எடுத்தார்கள், ஒருவருக்கும் மூச்சில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, பெயர்ந்து கிடந்த ஒரு வீட்டுக் கதவில் ஷூவின் அடியில் ஒட்டியிருந்த பாகைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்.