வரதுவுக்குச் சளி

"இந்தத் தடவையும் உங்க முறையை அண்ணா பிடுங்கிண்டாரா?"

வரது குடுமியை முடிந்துகொண்டான்.

"என்ன சொன்னார்?" அவன் மனைவி சத்யபாமா விடவில்லை.

"எனக்குச் சளியாம். தும்மிண்டே தீர்த்தக் குடத்தைத் தொடப்படாதாம்."

"தும்மினேளா?"

"இல்லை."

சத்யபாமாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குக் காவேரித் தீர்த்தம் கொண்டுவரும் கைங்கர்யம் அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. வாரத்துக்கு ஒருவர் முறை. முறைக்காரருக்குப் பிரசாதம் உண்டு; கூடவே கடும் நியமமும் உண்டு. அந்த வாரம் முழுக்கப் படுக்கை கோயில் மண்டபத்தில்தான். பெண்டாட்டி இருக்கிற பக்கம் வரக்கூடாது.

ஆனி மாதம் தொடங்கி, மாதம் தவறாமல் தம்பியின் ஒரு முறையைப் பெரியவர் ஸ்ரீனிவாசராகவன் எடுத்துக்கொண்டுவிடுகிறார். கேட்டால் தம்பிக்குச் சளி.

"புளியோதரைக்கு இவ்வளவு பேராசையா?" என்று தளிகை அறையில் சத்தமாகவே கேட்டாள் சத்யபாமா.

பெரியவரின் மனைவி ரங்கம்மா தலை நிமிராமல் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அவருக்குப் பசி ஜாஸ்திடி" என்றாள்.

அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் இல்லை. ரங்கம்மாவுக்கும் பிறக்கவில்லை, சத்யபாமாவுக்கும் ஏழு வருஷமாக இல்லை. மாமியார் வேதவதி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"பெரியவன் பிடிகொடுக்காம நழுவிட்டான். சின்னவனை விடமாட்டேன். தை பிறந்ததும் ஜீயபுரத்துப் பெண்ணை வரதுவுக்கு ரெண்டாந்தாரமா முடிச்சுடுவேன்."

கார்த்திகையில் சத்யபாமாவுக்கு நாள் தள்ளியது. மார்கழியிலும் தள்ளியது. விலக்கானால் கொல்லை அறையில் ஒதுங்குகிற வீட்டில் இதெல்லாம் ரகசியமா?

"முன்னே ரெண்டு தடவை இப்படித்தான் ஆசை காட்டினா" என்று வேதவதி உதட்டைப் பிதுக்கினாள்.

மறுநாள், "உறையூர் நாச்சியாரை ஸேவிச்சுட்டு வரோம்மா" என்று சொல்லி ரங்கம்மா ஜட்கா பிடித்தாள். வண்டி காவேரிப் பாலம் தாண்டித் திருச்சியில் டாக்டரம்மா பேட்ரிசியாவின் வாசலில் நின்றது. ரங்கம்மா மட்டும் இறங்கவில்லை.

"எனக்கு மருந்து வாடை ஆகாது. நீ போயிட்டு வா."

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கை கழுவினாள்.

"சந்தேகமே வேண்டாம். ஆடியில குழந்தை."

சத்யபாமா அழுது முடிக்கும்வரை பொறுத்திருந்து, "ஏழு வருஷமா ஏன் தங்கலை?" என்று விசாரித்தாள்.

"தெரியலை. விலக்கு முடிஞ்சு ஸ்நானம் ஆன உடனே வர வாரம்தான் விசேஷம்னு மாமியார் சொல்வா. அதுக்கு ஏத்த மாதிரியே முறை வகுத்திருக்கா. அந்த வாரம் அவர் ஆத்துல இருப்பார். அடுத்த வாரம் கோயில்."

டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"கரு பிடிக்கிறது அந்த அடுத்த வாரத்துலதாம்மா. ஒரு குளியலுக்கும் அடுத்த குளியலுக்கும் நடுவுல. சீமை வைத்தியர்களே இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க. சரியான நாளா இருந்தாலும் நாலஞ்சு மாசத்துல ஒரு தடவைதான் பலிக்கும். நீங்க அந்த வாரம் பார்த்துக் கோயிலுக்கு அனுப்பியிருக்கீங்க. அப்புறம் இது எப்படி நடந்தது?"

சத்யபாமாவுக்கு உடம்பு சிலிர்த்தது. பஞ்சாங்கம் பார்க்காமல் படி தாண்டாத வீடு. தன் உடம்புக்குள்ளேயே ஒரு முகூர்த்தம் மாதாமாதம் வந்து, யாரும் கவனிக்காமல் போயிருக்கிறது! ஏழு வருஷம்!

அப்புறம் வரதுவின் சளி நினைவுக்கு வந்தது. ஆனியில் ஒன்று, ஆடியில் ஒன்று, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி... எல்லாமே அந்த அடுத்த வாரம்தான்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்காரன் காதில் விழாமல் கேட்டாள்.

"மன்னி, அவருக்குச் சளின்னு முதல்ல யார் சொன்னது?"

"நான்தான். நான் சொல்லித்தான் அவர் சொன்னார். இன்ன வாரம் ஆத்துல இருடான்னு தம்பிகிட்ட வாயைத் திறந்து சொல்ற வீடா நம்மாம்? சளின்னா சொல்லலாம்."

"புளியோதரை?"

"அவருக்குப் புளியே ஆகாது. வர வழியிலேயே கோபுர வாசல் குரங்குகளுக்குப் போட்டுடுவார்."

"அந்த வாரம்தான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரங்கம்மா டாக்டரம்மாவின் வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"வைகாசியில இங்கே எனக்காகக் கேட்க வந்தேன்டி. எல்லாம் சொல்லிக்கொடுத்துட்டு, சோதிச்சுப் பார்த்து, உனக்கு எந்த வாரமும் உதவாதும்மான்னுட்டா."