யானைப் பாதைக்கு ஒரு விண்ணப்பம்

"சார், நீங்க மனசு வெச்சாதான் உண்டு. என் மானமே உங்க கையிலதான் இருக்குது" என்று சொல்லிக்கொண்டே வியாகுலம் ஒரு பை செந்தூரா மாம்பழத்தை வனவர் முனிராஜின் மேசைமேல் வைத்தார்.

"மொதல்ல பழத்தைக் கீழ எறக்குங்க சார், யாராச்சும் பார்த்தா தப்பா நெனப்பாங்க" என்றார் முனிராஜ். வயது முப்பதுதான் இருக்கும். விண்ணப்பத்தைப் புரட்டினார். "வர்ற சனிக்கிழமை, ஒகேனக்கல் காட்டுக்குள்ள ஒரு நாள் நடை. பதினாலு கிலோமீட்டர், இருபத்திரெண்டு பேர். பேப்பரெல்லாம் சரியாத்தான் இருக்குது. முட்டி எப்படிங்க இருக்குது?"

"கல்லு மாதிரி இருக்குதுங்க." பழக்க தோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. ஐம்பது தாண்டிய எல்லோரிடமும் இதைக் கேட்பார்கள்போல என்று வியாகுலம் நினைத்துக்கொண்டார்.

வினை ஆரம்பித்தது அன்பியக் கூட்டத்தில். தெருவில் உள்ள பதினோரு கிறிஸ்தவக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஜெபம் சொல்லி, சுண்டல் தின்று கலைவது வழக்கம். போன மாதம் சுண்டலைத் தின்றோமா வந்தோமா என்று இருக்காமல், "காலேஜ் படிக்கறப்ப யானையைப் பத்தடி தூரத்துல பார்த்தவன் நான்" என்று வியாகுலம் வாயை விட்டார். அந்த யானை கடைவீதியில் பாகனோடு நின்று ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை.

"அப்ப எங்களையும் ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க சார்" என்றார்கள். "அதுக்கென்ன!" என்றுவிட்டார். மறுநாளே வாட்ஸ்அப்பில் குரூப் ஆரம்பித்து அவரையே தலைவராகப் போட்டார்கள். கணக்கு வாத்தியாரான தலைவரோ, மாடி வகுப்புக்கு ஏறும்போது நடுவில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்குகிறவர். ராத்திரி மனைவி ராஜமேரி தைலம் தேய்த்துவிடாவிட்டால் காலையில் முட்டி மடங்காது.

அந்த ராஜமேரியை நினைத்தால்தான் சங்கடமாக இருந்தது. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்முறையாகக் கேன்வாஸ் ஷூ வாங்கி, சேலையோடு அதைப் போட்டுக்கொண்டு விடிகாலையில் தெருவை எட்டுச் சுற்று சுற்றுகிறாள். "அருவிச் சத்தம் ரொம்ப தூரத்துலயே கேக்குமாமுங்க" என்று நேற்றுக்கூடச் சொன்னாள்.

ஏற்காடு கிளம்பிய அன்று வேன் வராமல் போனதும், வேளாங்கண்ணி பாதயாத்திரைக்கு முந்தின நாள் டாக்டர் தடுத்ததும், கொல்லிமலைக்கு லீவு கிடைக்காததும் தற்செயல் இல்லை. மனைவியிடம் வியாகுலம் ஒருநாளும் "வேண்டாம்" என்று சொன்னதில்லை. வேறு யாராவது சொல்லும்படி பார்த்துக்கொள்வார். அவ்வளவு நல்ல மனுஷன்.

நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சார், நான் கேக்கறது என்னன்னா... அனுமதி கெடையாதுன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க."

முனிராஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்ன காரணம் போடறதுங்க?"

"யானை நடமாட்டம்னு போடுங்க. ஒத்தை யானைன்னா இன்னும் நல்லது."

"அதுங்க எல்லாம் ஆத்தைத் தாண்டி கர்நாடகா பக்கம் போயிடுச்சுங்க."

"காட்டுத் தீ?"

"நேத்துதான் மழை பேஞ்சுது."

"அப்ப வெள்ளம்னு போடுங்களேன்!"

"அவ்ளோ மழை இல்லீங்க சார்."

அனுமதி வாங்கப் பை தூக்கி வருகிறவர்களை ஊரே பார்த்திருக்கிறது. அனுமதி கொடுக்காதீர்கள் என்று கேட்க மாம்பழம் சுமந்து பஸ் ஏறி வந்த முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தபோது வியாகுலத்துக்கே சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. ராஜமேரியின் முகம் ஒருமுறை வந்து போனது. ஆனாலும் பதினாலு கிலோமீட்டர் அப்படியே நீளமாகக் கண்முன் கிடந்தது.

முனிராஜ் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, தாளை அவர் பக்கம் நகர்த்தினார். வியாகுலம் ஆசையோடு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'அனுமதி வழங்கப்படுகிறது' என்றிருந்தது.

"என்னங்க சார், இவ்ளோ கெஞ்சறேன். கொஞ்சம்கூட எரக்கமே இல்லியா?"

"முடியாதுங்க சார். ஒருத்தருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"யாருக்குங்க?"

"இப்படி வந்து நிப்பீங்கன்னு உங்க வூட்டம்மா போன வாரமே வந்து சொல்லிட்டாங்க."